கொம்தார் உச்சியிலிருந்து காணும் கல்வி

வட மலேசியாவில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில், பினாங்குத் தீவின் கொம்தார் கோபுரத்தைக் கண்ணால் காணாதவர் மிகச் சிலரே ஆவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும்போதும், பட்டர்வொர்த்திலிருந்து படகேறிக் கடலைக் கடக்கும்போதும், துணிமணி வாங்க ஜார்ஜ் டவுன் கடைத்தெருவுக்குப் போகும்போதும் அது நம் கண்ணில் படாமல் இருப்பதில்லை. செபராங் பிறைச் சமவெளியில், மறுநடவுக்காக மரங்களை வெட்டிய வெளியில் நின்று மேற்கே நோக்கினால், வானத்தின் விளிம்பில் தீக்குச்சி ஒன்றை நட்டு வைத்தாற்போல் அது தோன்றுவதும் உண்டு.

ஆயினும், கொம்தாரைப் பார்த்தவர் பலர். கொம்தாரிலிருந்து பார்த்தவர் சிலர். இதற்குக் காரணம் கேட்டால் செலவு என்பர் சிலர். அச்சம் என்பர் சிலர். வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அது பட்டணத்தாருக்கும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் உரிய இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணமே அது. மேலே ஏறியவர்களிலும் பலர், படம் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகின்றனர். எதைப் பார்ப்பது என்று தெரியாமற் போனால் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் தெரிவது கூரைகளும் கடலுமே.

சென்ற பள்ளி விடுமுறையில், செபராங் பிறைத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாம் அங்கே சென்று வந்தோம். பிள்ளைகள் இருந்தனர், இன்றும் பால்வெட்டுக்குச் செல்லும் பெண்கள் இருந்தனர், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் இருந்தார். அன்று கண்டவற்றையும், காண்பதற்கு முன்பே அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நாம் கருதியவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

கட்டடம் எழுந்த கதை

கொம்தார் என்பது கொம்ப்ளெக்ஸ் துன் அப்துல் ரசாக் என்னும் மலாய்ப் பெயரின் சுருக்கம். நாட்டின் இரண்டாவது பிரதமரான துன் அப்துல் ரசாக்கின் பெயரைத் தாங்கிய வளாகம் இது. 1974-ஆம் ஆண்டில் அதன் முதல் அடித்தூணை ஊன்றும் சடங்கை நடத்தி வைத்தவரும் அவரே. இரண்டே ஆண்டுகளில், 1976 ஜனவரியில், அவர் காலமானார். கிராமப்புற மேம்பாட்டுக்கென்று ஊர் ஊராகச் சுற்றியவர் என்று பெயர்பெற்ற ஒருவரின் பெயர், பட்டணத்தின் நடுவே நிற்கும் கோபுரத்துக்கு அமைந்தது சற்று விந்தைதான்.

அந்தக் காலத்துப் பினாங்கின் நிலையை அறிந்தால்தான் இத்தகைய பெருங்கட்டடம் ஏன் எழுந்தது என்பது விளங்கும். நூறாண்டுகளுக்கு மேலாகத் தீர்வையற்ற துறைமுகமாக வாழ்ந்த பினாங்கு, 1969-இல் அத்தகுதியை இழந்தது. வணிகம் சுருங்கியது, வேலையில்லாதோர் பெருகினர். அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, 1990 வரை அப்பதவியில் இருந்தார். பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கிற்று. நகரின் நடுவே அரசாங்க அலுவலகங்களும் கடைகளும் பேருந்து நிலையமும் ஒரே இடத்தில் அமைய வேண்டுமென்ற திட்டம் கொம்தாராக உருவெடுத்தது. கட்டடத்துக்கு வரைபடம் வகுத்தவர் முதலமைச்சரின் சகோதரரான கட்டடக் கலைஞர் லிம் சோங் கியாட்.

இதற்காகப் பழைய கடைவீடுகள் நிறைந்த தெருக்கள் இடிக்கப்பட்டன. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் தொழில் நடத்தியவர்களும் வேறிடம் செல்ல நேர்ந்தது. அது சரியா, தவறா என்ற வாதம் பினாங்கில் இன்னும் ஓயவில்லை. இடம்பெயர்தல் இன்னதென்று தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மேலே நின்று வியக்கும்போது அடியில் இருந்த தெருக்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும் என்பது நம் கருத்து.

1980-களின் நடுவில் கோபுரம் நிறைவெய்தியபோது அதற்கு 65 மாடிகள். உயரம் 232 மீட்டர். மலேசியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்ற பெருமை 1988-இல் கோலாலம்பூரில் மேபேங்க் கோபுரம் எழும்வரை அதற்கு இருந்தது. பின்னர் 2016-இல் உச்சியில் மாடிகள் கூட்டப்பட்டு, இன்று 68-ஆம் மாடிவரை செல்லலாம். உயரம் 249 மீட்டர். 1998 முதல் 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்களும், அண்மையில் எழுந்த 679 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கட்டடமும் உள்ள நாட்டில் இது பெரிய அளவன்று என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இரண்டு அளவுகோல்கள் உண்டு. நன்கு வளர்ந்த பால்மரம் 20 முதல் 25 மீட்டர் உயரம் இருக்கும். அத்தகைய மரங்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் கொம்தாரின் உச்சியைத் தொடும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர். அதனைப்போல் நான்கு மடங்கு இது.

கோபுரத்தைச் சுற்றி நடந்தால் அது நாற்சதுரமன்று, பன்னிரண்டு பக்கங்களை உடையது என்பது தெரியவரும். தட்டையான அகன்ற சுவரில் காற்று முழு வேகத்துடன் மோதும். பக்கங்கள் பலவாகி உருவம் வட்டத்தை நெருங்க நெருங்கக் காற்று வழுகிச் செல்லும். புயற்காற்றில் பால்மரம் பாதியில் முறிந்து விழுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதேபோன்று, உயர்ந்த கட்டடம் சிறிதும் அசையாமல் நிற்கிறதென்று எண்ணுவதும் பிழை. பெருங்காற்றில் மிகச் சிறிதளவு அசைந்து கொடுக்குமாறே அவற்றைக் கட்டுகின்றனர். வளையாதது ஒடியும் என்பது மரத்துக்கும் கட்டடத்துக்கும் பொது. ஜார்ஜ் டவுனின் கரையோரம் மென்மண் நிறைந்தது. அத்தகைய நிலத்தில் பாரம் தாங்க, ஆழத்தில் உறுதியான மண் வரும்வரை நீண்ட தூண்களை வரிசை வரிசையாக இறக்கி அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்த வேண்டும். 1974-இல் நடந்த சடங்கு அடிக்கல் நாட்டுதலாக இல்லாமல் தூண் ஊன்றுதலாக இருந்ததன் பொருள் இதுவே.

வளாகத்தில் உள்ள தேவான் துங்கு மண்டபத்தின் கவிகை மாடத்தையும் மேலே செல்லுமுன் பார்த்துவிடுக. முக்கோணச் சட்டங்களை இணைத்து அமைத்த கூரை அது. உள்ளே தூண்கள் குறுக்கிடாமல் பெரிய இடத்தை மூடவல்லது. இம்முறையை உலகெங்கும் பரப்பிய அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், கட்டடக் கலைஞர் லிம் சோங் கியாட்டின் நண்பர்.

எவ்வளவு தொலைவு தெரியும்?

மின்தூக்கி மேலேறும்போது காது சற்று அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். பிள்ளைகளை இதற்கு முன்னரே ஆயத்தப்படுத்துவது நல்லது.

65-ஆம் மாடியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் நின்று பார்க்கும் கூடம் உள்ளது. 68-ஆம் மாடியில், கட்டடத்துக்கு வெளியே அரைவட்டமாக நீண்டு நிற்கும் வானவில் நடைபாதை உள்ளது. அதற்கு மேலே கூரையில்லை, தளம் கண்ணாடி. நம்முடன் வந்த பெண் ஒருவர் அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டார். இருபது ஆண்டுகளாக, விடியுமுன் தலைவிளக்குடன் மேட்டுக்காட்டு நிரைகளில் தனியே ஏறி இறங்குபவர் அவர். “பாம்பு குறுக்கே போனால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன், இதில் கால் வைக்க மனம் வரவில்லையே” என்றார். அச்சம் இயல்பானதே. காலுக்குக் கீழே தரை இருப்பதாக அறிவு சொன்னாலும் கண் நம்ப மறுக்கிறது. இத்தகைய தளங்களை ஒற்றைக் கண்ணாடியால் அமைப்பதில்லை. பல தகடுகளை இடையே ஒட்டுப்படலம் வைத்து ஒன்றாக இறுக்கியிருப்பர். மேல்தகடு விரிசல் கண்டாலும் அடுத்தவை பாரம் தாங்கும். இதனை நாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய எட்டு வயது மகள் மறுமுனைக்கு ஓடிவிட்டாள். மகளைப் பிடிக்கப் போனவர் தாமும் நடுப்பகுதிக்கு வந்துவிட்டதைச் சற்று நேரம் கழித்தே உணர்ந்தார்.

மேலிருந்து எத்துணைத் தொலைவு தெரியும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பூமி உருண்டையாதலால், தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் மிக அருகிலேயே வளைந்து மறைந்துவிடும். நாம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கடற்கரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்குமானால் அவருக்குத் தெரிவது ஏறத்தாழ 4½ கிலோமீட்டர். கொம்தார் உச்சியில் கண்ணின் உயரத்தை 240 மீட்டர் என்று கொண்டால், அதன் வர்க்கமூலம் 15½. விடை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கணிப்பானைக் கொடுத்தால் தானே செய்துவிடும்.

சுங்கைப் பட்டாணியும் நிபோங் திபாலும் கொம்தாரிலிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டரை ஒட்டிய தொலைவிலேயே உள்ளன. பாரிட் புந்தார் 40-க்குள் அடங்கும். அப்படியானால், மலையும் மரமும் மறைக்காத இடமெல்லாம் இவ்வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றது. நம் வாசகர்களில் ஒரு பகுதியினர் வாழும் தோட்டங்கள் கொம்தாரின் பார்வைக்குள்ளேயே உள்ளன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வடக்கும் மேற்கும்

வடக்கே கடலுக்கு அப்பால், தனித்து நிற்கும் நீலமலை ஒன்று தெரியும். அது கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். பழங்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு அம்மலையே அடையாளம். அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கடாரம் என்று தமிழர் வழங்கிய நாடு இதுவே. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனின் மகன் அவன்.

மேற்கே, கைநீட்டினால் தொடலாம் போல் நிற்பது கொடிமலை. மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களை அறிவிக்க அங்கே கொடியேற்றிய வழக்கமே நம் மக்கள் வைத்த பெயரில் நிலைத்துவிட்டது. கொம்தாருக்கு முன்னரே பினாங்கின் காட்சிக் கோபுரமாக இருந்தது அம்மலை. 1923 முதல் அங்கே மலைரயில் ஓடுகின்றது. மலையின் இடப்பக்கத்தில் ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி பௌத்தக் கோயிலின் அடுக்குக் கோபுரத்தையும், வலப்பக்கத்து மரச்செறிவுக்குள் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசையையும் காணலாம்.

காலடியில் நகரம்

வடகிழக்கே குனிந்து நோக்குக. செம்மண் நிற ஓடுகள் வேய்ந்த கடைவீடுகள், பால்மர நிரைகளைப்போல் நேர்நேராக ஓடுகின்றன. 1786-இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியபின் எழுந்த பழைய நகரம் இதுவே. 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து இதனை உலக மரபுரிமை நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. அக்கூரைகளின் நடுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் குவிமாடம் தென்படும். 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல் அது. அதற்கு அருகில், குயின் தெருவில், 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தெருவில் நிற்கும்போது நாம் அண்ணாந்து வணங்கும் அதன் இராசகோபுரம் ஏறத்தாழ 23 அடி. இங்கிருந்து அதனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் கண்டவர் ஒரு பாட்டியார். அவ்விடத்திலேயே கைகூப்பினார்.

இன்னும் சற்று அப்பால், கடலோரத்தில், ஒரு வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா அரசியார் அரியணையேறி அறுபது ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டிச் செல்வந்தர் சியா சென் இயோக் 1897-இல் அளித்த கொடை அது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியால் சற்றே சாய்ந்து நிற்கிறது. அரசி ஒருவருக்கு ஆண்டுக்கு ஓர் அடி வீதம் கூண்டு எழுந்த அதே காலத்தில், கடலின் மறுகரையில் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம் முன்னோரின் ஆண்டுக்கணக்கை எவரும் அடி போட்டு எழுப்பவில்லை. இது நமக்குத் தோன்றியது, எழுதிவிட்டோம்.

தெற்கே ஒரு சிறு தீவு

தெற்கே முதலில் கண்ணைக் கவர்வது பினாங்குப் பாலம். 1985-இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். வானம் தெளிந்திருந்தால், அதற்கும் தெற்கே 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் மெல்லிய கோடாகத் தெரியும். அதன் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். பாலங்களுக்கு வலப்பக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் கூரைகள் பளபளக்கின்றன. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பலர், 1970-களிலும் 1980-களிலும் பால்வாளியை விட்டு மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் வேலைக்குச் சென்றது இத்தகைய தொழிற்சாலைகளுக்கே.

முதற்பாலத்துக்குத் தெற்கே, தீவின் கரையை ஒட்டி, காடடர்ந்த சிறு தீவு ஒன்று கிடக்கின்றது. அதன் பெயர் புலாவ் ஜெரெஜாக். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமும் அமைந்தன. 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலைத் தீவாக இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர், நோய் கொண்டு வரவில்லை என்று உறுதியாகும்வரை அங்கே நிறுத்தி வைக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டபின் கங்காணிகள் வழியாகவும் தாமாகவும் வந்தவர்களும் இவ்வழியே வந்தனர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் நம் முதியோர் வாயில் இன்றும் வழங்குகிறது. தொழிலாளரைச் செலவு கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்தது.

இதனை நாம் பிள்ளைகளுக்குக் கூறிக்கொண்டிருந்தபோது, பெரியவர் கண்ணாடியை நெருங்கி வந்து, “எந்தத் தீவு என்றீர்கள்?” என்று மறுமுறை கேட்டார். அவருடைய தந்தையார் 1930-களில் வந்தவர். வந்த அன்று ஒரு தீவில் இறக்கி, துணிகளை வாங்கி நீராவியில் இட்டு, தம்மைக் குளிக்க வைத்து, நாட்கணக்கில் காக்க வைத்ததாக மகனிடம் பலமுறை கூறியிருக்கிறார். தீவு என்றால் பினாங்குதானே என்று மகன் எண்ணிக்கொண்டார். எழுபது ஆண்டுகளாக, பினாங்குக்கு வரும்போதெல்லாம், துறைமுகத்தருகே அந்த முகாம் எங்கே இருந்திருக்கும் என்று கடைக்காரர்களைக் கேட்டதும் உண்டாம். கேட்ட இடம் தவறு. தந்தையார் சொன்ன தீவு இதோ, பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் இடையில் பச்சைப் பசேலென்று கிடக்கின்றது. பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு அவர் வெகுநேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அடுத்த திசைக்குச் செல்ல அவசரப்படவில்லை.

கிழக்குக் கரை

கிழக்கே கடல் ஓர் அகன்ற ஆறுபோல் ஒடுங்குகின்றது. படகுகள் குறுக்கே செல்கின்றன. கார்களை ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். மறுகரையில் பட்டர்வொர்த், அதன் வலத்தே பிறை ஆற்றின் முகம், தொலைவில் புக்கிட் மெர்தாஜம் மலை. பிரிட்டிஷார் 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்று வெல்லஸ்லி மாநிலம் என்று பெயரிட்ட கரை அதுவே. முதலில் கரும்பு, பின்னர் பால்மரம், அதன்பின் செம்பனை என்று நம் மக்களின் உழைப்பைக் கண்ட மண்.

அங்கே தோட்டங்களைத் தேடினோம். பச்சை நிறம் திட்டுத் திட்டாகவே இருந்தது. இடையிடையே வெளிறிய பெருங்கூரைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்திருந்தன. இரண்டாவது பாலம் சென்று இறங்கும் பத்து காவான், ஒருகாலத்தில் கரும்பும் பின்னர் வேறு தோட்டப் பயிர்களும் விளைந்த இடம். இன்று தொழிற்பேட்டையும் புதுக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. தரையில் வாழ்பவர் இம்மாற்றத்தைத் தம் தோட்டத்தின் கதையாகவே அறிவர்: ஒரு நாள் அறிவிப்பு வரும், நட்ட ஈட்டைப் பற்றிப் பேச்சு நடக்கும், லயத்து வீடுகள் காலியாகும். மேலிருந்து பார்க்கும்போதோ அது ஒரு தோட்டத்தின் கதையன்று என்பது தெரிகிறது. பாலமும் நெடுஞ்சாலையும் எங்கே செல்கின்றனவோ அந்த வழியில் கூரைகள் பரவியிருக்கின்றன. அவை எட்டாத இடத்தில் பச்சை எஞ்சியிருக்கின்றது. அடுத்துக் கூரை எங்கே வரும் என்று பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விரல் வைத்துக் காட்டினான். அவன் காட்டிய இடத்தில்தான் இன்று அவன் பெற்றோர் பால் வெட்டுகின்றனர். பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிள்ளையின் படிப்பைப் பற்றியும், வீடு வாங்கச் சேமிப்பதைப் பற்றியும் அவர்கள் அன்று மாலை படகில் பேசிய பேச்சு நீண்டது.

பெரியவர் பிறந்த தோட்டம் புக்கிட் மெர்தாஜத்துக்கும் நிபோங் திபாலுக்கும் இடைப்பட்டது. அதனைக் கண்டுபிடிக்க நாம் செய்த முறை பிறருக்கும் உதவும். முதலில் மலையைக் கண்டோம். மலையின் வலத்தோளிலிருந்து தெற்கே நகர்ந்து, நெடுஞ்சாலையின் கோட்டைப் பிடித்தோம். அதன்பின் அவர் தம் நினைவிலிருந்து ஆற்றின் வளைவைச் சொன்னார். மரம் ஒன்றும் இல்லை, வீடுகளே இருந்தன. “தாத்தா, நம் தோட்டம் தெரிகிறதா?” என்று பேத்தி கேட்டாள். “தோட்டம் தெரியவில்லை அம்மா. இடம் தெரிகிறது” என்றார்.

செல்ல விரும்புவோருக்கு

நால்வர் கொண்ட குடும்பத்துக்குச் சீட்டு வாங்கினால் ஒரு நாள் கூலி போதாது என்பதை மறைப்பதற்கில்லை. மைகார்டு உள்ள மலேசியருக்கு வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணமே. ஆகவே அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்க. உச்சியில் வேறுபல கேளிக்கைகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டோ கூட்டுச் சீட்டோ கேட்பர். காட்சிக் கூடத்துக்கும் வானவில் நடைபாதைக்கும் மட்டுமே செல்ல வேண்டுமென்றால் அதனைத் தெளிவாகச் சொல்லி, கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க. இடியும் மழையும் இருக்கும் வேளையில் திறந்தவெளிப் பாதை மூடப்படக்கூடும்.

நேரத்தைத் தேர்ந்து செல்வது சிறப்பு. காலைக் கதிரவன் கிழக்கே இருப்பதால் அப்போது கொடிமலை நன்கு தெரியும்; பெருநிலம் கண் கூசும். தோட்டங்களைக் காண விரும்புவோர் பிற்பகல் மூன்று மணிக்குமேல் செல்க; அப்போது வெயில் நம் முதுகுப்புறத்திலிருந்து கிழக்குக் கரையின்மேல் விழும். மழை பெய்து ஓய்ந்த நாள் மிக நன்று. புகைமூட்டக் காலத்தில் சீட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

செலவு இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். 2012-இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலின் முன்றிலில் நின்றால் நகரமும் கடலும் ஒரு காசு செலவின்றித் தெரிகின்றன. தைப்பூசக் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க இயலாது. வேறொரு நாள் செல்க. தெற்கும் கிழக்கும் கொம்தாரில் தெரிவதுபோல் முழுமையாகத் தெரியா என்பதே குறை.

பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்தால், துறையிலிருந்து கொம்தாருக்குப் பேருந்துகள் உண்டு. கோபுரத்தின் அடியிலேயே பேருந்து நிலையம் உள்ளது. திரும்பும் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்க. மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் ஐந்தரை மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிடுவது நலம். மேலேறுமுன் வீட்டு முதியவர்களிடம், பிறந்த தோட்டத்துக்கு அருகே இருந்த மலை எது, ஆறு எது, முதன்முதல் இறங்கிய இடம் எது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க.